ஆர்.ஓ. சவ்வுக்குள் நீருக்கு ஒரு விதி, உப்புக்கு வேறொரு விதி

வீட்டு ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) இயந்திரம் தரும் குடிநீரில் டி.டி.எஸ். அளவு, அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, ஏறத் தொடங்கினால், மெம்பிரேன் (உப்பைத் தடுக்கும் சவ்வு) போய்விட்டது, மாற்றிவிட வேண்டியதுதான் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. தென்சென்னைக் கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் எங்கள் வீட்டுக்குச் சர்வீஸ் பார்க்க வந்தவரும் அதையே சொன்னார். கிணற்று நீரின் டி.டி.எஸ். லிட்டருக்கு 1100 மில்லிகிராம் அளவில் இருக்க, வழக்கமாக 60 காட்டும் குடிநீர் 190 காட்டியது. நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் விழுந்துகொண்டிருந்த நீர் 65 மில்லிலிட்டராகச் சுருங்கியிருந்தது. இந்த எண்களைத் தாளில் எழுதி அருகருகே வைத்தபோது ஒரு செய்தி தெளிவாகத் தெரிந்தது. நீரின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. உப்பின் செறிவு ஏறத்தாழ மூன்று மடங்காகக் கூடியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால், முன்பும் நிமிடத்துக்கு 12 மில்லிகிராம் உப்பு சவ்வைக் கடந்து வந்தது, இப்போதும் 12 மில்லிகிராம்தான் வருகிறது. சவ்வு உண்மையிலேயே சிதைந்திருந்தால் இந்தப் பெருக்குத்தொகை கூடியிருக்க வேண்டும். அது அசையாமல் நிற்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று முடிவுசெய்து, புதிய மெம்பிரேன் வாங்குவதைத் தள்ளிவைத்தேன்.

நீரும் உப்பும் ஒரே சவ்வின் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் அவற்றை நகர்த்தும் விசை ஒன்றல்ல. பம்பு கொடுக்கும் அழுத்தத்திலிருந்து, உப்புநீர் நல்ல நீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தத்தை, அதாவது சவ்வூடுபரவல் அழுத்தத்தை, கழித்த பின் எஞ்சும் அழுத்தமே நீரைத் தள்ளுகிறது. உப்பை நகர்த்துவதோ சவ்வின் இரு பக்கங்களிலும் உள்ள செறிவுகளுக்கு இடையிலான வேறுபாடு. அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் உப்பின் ஓட்டம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே பம்பு தளர்ந்துபோனால் நீர் குறைகிறது, உப்பு பழைய வேகத்திலேயே கசிந்துகொண்டிருக்கிறது, அந்த உப்பைக் கரைத்துக்கொள்ள முன்பிருந்த அளவு நீர் இல்லாததால் மீட்டர் அதிக எண்ணைக் காட்டுகிறது.

இதைச் சரிபார்க்கப் பம்புக்கும், சவ்வை உள்ளே வைத்திருக்கும் உறையான மெம்பிரேன் ஹவுசிங்குக்கும் இடையில் ஓடும் கால் அங்குலக் குழாயில் ஒரு டீ கனெக்டர் போட்டு, அதில் பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்தினேன். அதற்கு முன்பு டி.டி.எஸ். கண்ட்ரோலரை முழுவதுமாக மூடினேன். அந்தத் திருகு திறந்திருந்தால் சவ்வைத் தொடாத கிணற்று நீர் நேராகக் குடிநீரில் கலக்கும். அந்நிலையில் சவ்வைப் பற்றி எடுக்கும் எந்த அளவுக்கும் பொருள் இல்லை. கேஜ் 35 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டியது, இருக்க வேண்டியது 80. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் 0.8 பார், அதாவது 11 அல்லது 12 பி.எஸ்.ஐ. எங்கள் நீர் அதைவிடச் சற்றே உப்பானது. அதோடு, நீர் பிரிந்து செல்லச் செல்ல ஹவுசிங்குக்குள் மீதமிருக்கும் நீரின் செறிவும் ஏறிக்கொண்டே போகும் என்பதால் 14 என்று வைத்துக்கொண்டேன். 80-இலிருந்து 14 போனால் 66. 35-இலிருந்து 14 போனால் 21. இரண்டுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்குச் சற்று மேல். நீர் குறைந்த விகிதமும் உப்பு ஏறிய விகிதமும் இதுவேதான். கடல்நீருக்கு இதே கணக்கைப் போட்டால் சவ்வூடுபரவல் அழுத்தம் மட்டுமே 27 பாரைத் தொடும். மீஞ்சூர், நெம்மேலி போன்ற கடல்நீர் நிலையங்களில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான அழுத்தம் தேவைப்படுவது இதனால்தான்.

அழுத்தம் ஏன் விழுந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. செடிமென்ட் ஃபில்டரைத் தாண்டிப் பம்புக்கு நீர் தாராளமாக வந்துகொண்டிருந்தது. பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். அடாப்டரைப் பம்பிலிருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் 24 வோல்ட் வந்தது; பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் 16 வோல்ட்தான் வந்தது. சுமை இல்லாமல் மட்டும் அளந்திருந்தால் அடாப்டர் நலமாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். புதிய அடாப்டரை மாட்டியதும் கேஜ் 78-க்கு ஏறியது. நீரோட்டம் நிமிடத்துக்கு 190 மில்லிலிட்டருக்கு வந்தது, டி.டி.எஸ். 68-இல் நின்றது. பெருக்குத்தொகை 13. மெம்பிரேனின் விலையில் சிறு பகுதியே செலவாயிற்று.

கேஜும் மீட்டரும் கையில் இருந்ததால் வேறொன்றையும் அளந்து பார்த்தேன். இரவு முழுவதும் நிறுத்திவைத்த இயந்திரத்தைக் காலையில் ஓட்டி, தொட்டிக்குள் போகும் குழாயைக் கழற்றி, முதலில் வரும் நீரைத் தனித்தனித் தம்ளர்களில் பிடித்தேன். முதல் தம்ளரில் டி.டி.எஸ். 240 இருந்தது. அடுத்ததில் குறைந்தது, சில நிமிடங்களில் 70-க்கு வந்துவிட்டது. இயந்திரம் நின்றிருக்கும்போது நீரின் ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் செறிவு வேறுபாடு இருக்கும்வரை உப்பின் ஓட்டம் நிற்பதில்லை. இரவு முழுவதும் அது சவ்வைக் கடந்து, மறுபக்கம் நல்ல நீர் ஓடுவதற்காக வைத்த துணியின் இடுக்குகளில் தேங்கியிருக்கும் சிறிதளவு நீரில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. நீருக்கும் உப்புக்கும் விதி வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை வீட்டில் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதில் நடைமுறைப் பயனும் உண்டு. ஒவ்வொரு தம்ளர் எடுக்கும்போதும், தொட்டியின் நீர்மட்டத்தைப் பொறுத்து இயங்கும் ஃப்ளோட் சுவிட்ச் இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தினால், ஒவ்வொரு தடவையும் இந்த உப்பேறிய முதல் நீரே தொட்டியில் சேருகிறது. குடங்களில் மொத்தமாகப் பிடித்துவைத்து, இயந்திரத்தை ஒரே மூச்சில் நீண்ட நேரம் ஓடவிட்டால் அதே சவ்வு நல்ல நீரைத் தருகிறது.

உப்பு ஏன் இவ்வளவு மெதுவாகக் கசிகிறது, நீர் ஏன் இவ்வளவு எளிதாகப் போகிறது என்பதற்குச் சவ்வின் துளைகளைப் பார்க்க வேண்டும். துளை என்றதும் சல்லடை நினைவுக்கு வரும். சவ்வில் உப்பைத் தடுக்கும் பாலிஅமைடு என்னும் பாலிமர் படலத்துக்கு அந்த உருவம் பொருந்தாது. இறுக்கிச் சுருட்டிய தேங்காய் நார் உருண்டையை நினைத்துக்கொள்ளலாம்: எந்த இடத்திலும் நேரான ஓட்டை கிடையாது, எங்கும் இழைகளுக்கிடையே சிறு வெற்றிடங்கள் மட்டுமே உண்டு. அந்த வெற்றிடங்களின் குறுக்களவு அரை நானோமீட்டரை ஒட்டியது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நீர் மூலக்கூற்றின் அளவு 0.28 நானோமீட்டர், அது நுழைந்துவிடும். சோடியம் அயனி தனியாக எடுத்துக்கொண்டால் அதைவிடச் சிறியது. அதன் ஆரம் 0.1 நானோமீட்டர்தான். ஆனால் நீருக்குள் சோடியம் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. அதன் நேர்மின்னூட்டம் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நீர்க் கவசத்தோடு சேர்த்து அளந்தால் ஆரம் 0.36 நானோமீட்டர், குறுக்களவு 0.7-க்கும் மேல். துளைக்குள் நுழைய வேண்டுமென்றால் கவசத்தின் ஒரு பகுதியையாவது கழற்ற வேண்டும், அதற்கு நிறைய ஆற்றல் செலவாகும். சோடியத்தின் கவசத்தை முழுவதுமாகக் கழற்ற ஒரு மோலுக்கு ஏறத்தாழ 365 கிலோஜூல் வேண்டும். கால்சியத்துக்கு 1500, மக்னீசியத்துக்கு 1800. எதிர்மின் அயனிகளில் ஃபுளோரைடுக்கு 465, நைட்ரேட்டுக்கு 300. இந்த வரிசை வெறும் ஏட்டுக் கணக்கன்று. கடினத்தன்மை தரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஆர்.ஓ. சவ்வு மிக நன்றாகத் தடுப்பதற்கும், நைட்ரேட்டை ஒப்பளவில் குறைவாகவே தடுப்பதற்கும் இதில் பெரும்பங்கு உண்டு. உரம் இறங்கிய நிலத்தடி நீரைச் சுத்திகரிப்பவர்கள் டி.டி.எஸ். மீட்டரோடு நிற்காமல் நைட்ரேட்டைத் தனியே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

கவசம் முதல் தடை, மின்னூட்டம் இரண்டாவது. பாலிஅமைடு உருவாகும்போது வினைபுரியாமல் எஞ்சிய கார்பாக்சில் தொகுதிகள், சாதாரண நீரின் பி.எச். அளவில், எதிர்மின்னூட்டம் ஏற்று நிற்கின்றன. குளோரைடு, சல்பேட் போன்ற எதிர்மின் அயனிகளை அவை விலக்குகின்றன. நேர்மின் அயனி மட்டும் தனித்துப் போய்விட முடியாது. இரு பக்கமும் மின்னூட்டம் சமநிலையில் இருந்தாக வேண்டும் என்பதால் துணை இல்லாத சோடியமும் பின்தங்குகிறது.

இத்தகைய சவ்வின் வரலாற்றில் ஓர் இந்தியப் பெயர் உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசெட்டேட்டில் செய்த சவ்வுதான் எதிர்ச் சவ்வூடுபரவலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மேலே மிக மெல்லிய அடர்த்தியான தோல், கீழே நீர் எளிதில் ஓடும் துளைகள் நிறைந்த தாங்கு அடுக்கு என்ற அமைப்பு அவர்களுடையது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா நகரில் அத்தகைய சவ்வு உவர்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியது. இன்று நம் சமையலறையில் இருக்கும் பாலிஅமைடு படலத்தை 1970-களில் ஜான் காடோட் உருவாக்கினார்.

நீர் இந்தப் படலத்தை எப்படிக் கடக்கிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. 1960-களிலிருந்து பாடநூல்கள் சொல்லிவருவது, நீர் மூலக்கூறுகள் பாலிமரில் கரைந்து ஒவ்வொன்றாகப் பரவிச் செல்கின்றன என்பதாகும். அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த மெனகெம் எலிமெலெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்து, ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகளின் வழியாக நீர் திரள்திரளாக, அழுத்த வேறுபாட்டால் தள்ளப்பட்டு ஓடுகிறது என்று வாதிட்டது. கேஜும் தம்ளரும் வைத்து அளக்கும் எனக்கு இரண்டு விளக்கங்களும் அழுத்தத்துக்கும் நீரோட்டத்துக்கும் இடையே ஒரே நேர்விகிதத்தைத்தான் தருகின்றன. துளையை அடிப்படையாகக் கொண்ட விளக்கமே எனக்கு மனம் ஒப்புகிறது.

மீண்டும் வேலைக்கு வருகிறேன். நீரோட்டம் பழைய 200-க்கு முழுமையாகத் திரும்பவில்லை என்பதால், சவ்வின் மேல் சுண்ணாம்புப் படிவு இருக்கலாம் என்று எண்ணினேன். சவ்வை ஒட்டிய நீரில் உப்பின் செறிவு மற்ற இடங்களைவிட அதிகமாக இருக்கும்; நீர் துளைக்குள் போய்விட, விலக்கப்பட்ட அயனிகள் வாசலிலேயே குவிந்து நிற்கின்றன. கால்சியம் கார்பனேட் முதலில் படிவது அங்கேதான். ஆர்.ஓ. நீர் ஒரு லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பம்பின் உறிஞ்சு குழாயை அந்தப் பாத்திரத்தில் விட்டேன். கழிவுக் குழாயிலிருந்த எஃப்.ஆர். என்னும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரைக் கழற்றி, அந்தக் குழாயையும் அதே பாத்திரத்துக்குத் திருப்பினேன். எஃப்.ஆர். இல்லாதபோது ஹவுசிங்குக்குள் அழுத்தம் ஏறாது. கரையும் படிவு மீண்டும் சவ்வோடு அழுந்தாமல் அடித்துச் செல்லப்படும். சிறிது நேரத்தில் திரும்பி வந்த நீரில் நுண்ணிய குமிழ்கள் தென்பட்டன, நிறமும் சற்றுக் கலங்கியது. அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி சுற்றவிட்டு, பின் கிணற்று நீரால் நன்றாக அலசி, முதலில் வந்த குடிநீரை முழுவதும் கொட்டிவிட்டேன். நீரோட்டம் 205, டி.டி.எஸ். 61. கால்சியம் சல்பேட் படிவாக இருந்திருந்தால் சிட்ரிக் அமிலத்துக்கு இப்படிக் கரைந்திருக்காது.

உண்மையிலேயே கெட்ட சவ்வு எப்படி இருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. குளோரின் கலந்த குழாய் நீர் வரும் உறவினர் வீட்டில், கார்பன் ஃபில்டரை நெடுங்காலம் மாற்றாமல் ஓட்டிக் கழற்றிப்போட்ட மெம்பிரேன் ஒன்றை வாங்கி வந்தேன். அதை எங்கள் ஹவுசிங்கில் பொருத்தி, அதே அழுத்தத்தில், அதே கிணற்று நீரைக் கொடுத்தபோது நீரோட்டம் 280-க்கு ஏறியது, டி.டி.எஸ். 210. பெருக்குத்தொகை 59, நல்ல சவ்வைப்போல் ஐந்து மடங்கு. டி.டி.எஸ். எண்ணை மட்டும் பார்த்தால் முன்பு எங்கள் வீட்டில் வந்த 190-க்கும் இந்த 210-க்கும் வேறுபாடு இல்லை. நீரோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர் நோய்கள். குளோரின் பாலிஅமைடின் அமைடு பிணைப்பிலுள்ள நைட்ரஜனைத் தாக்குகிறது. சங்கிலிகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன, காலப்போக்கில் சங்கிலியே அறுபடுகிறது. இழைகளின் இடைவெளி விரிந்ததும் நீரும் அதிகம் போகிறது, உப்பும் அதிகம் போகிறது. இதற்கு மருந்து கிடையாது. சில நூறு ரூபாய் கார்பன் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த மெம்பிரேனைக் கத்தியால் பிரித்தேன். வெளியே சுற்றியிருந்த பிளாஸ்டிக் நாடாவைக் கீறியதும் சுருள் தளர்ந்தது. உள்ளே, இரண்டாக மடித்த வெளிர்நிறச் சவ்வுத் தாள். அதன் பளபளப்பான முகங்களுக்கு நடுவில் உப்புநீர் ஓடும் வைரக்கட்டம் போட்ட பிளாஸ்டிக் வலை. மங்கலான முதுகுப் பக்கங்களுக்கு நடுவில் நல்ல நீர் ஓடும் வரிவரியான துணி. துணியின் மூன்று ஓரங்களும் பசையால் அடைக்கப்பட்டு, நான்காவது ஓரம் நடுக்குழாயின் சிறு துளைகளை நோக்கித் திறந்திருந்தது. நீர் நுழையும் முனையில் வலையின் கட்டங்களுடைய அச்சு பழுப்புக் கோடுகளாகச் சவ்வின் மேல் பதிந்திருந்தது. தாளின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி பாலியஸ்டர் துணியும் பாலிசல்ஃபோன் தாங்கு அடுக்கும்தான். அயனிகளைத் தடுக்கும் பாலிஅமைடு படலம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பளபளப்பான முகத்தின் மின்னூட்டத்தைக் கண்ணால் காண ஒரு சிறு சோதனை செய்தேன். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தில் நேர்மின்னூட்டமுள்ள சாய மூலக்கூறுகள் உள்ளன; மஞ்சள் கேசரிப் பவுடரின் சாயம் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டையும் தனித்தனியே மிக நீர்க்கக் கரைத்து, சவ்வுத் துண்டுகளின் மேல் சில நிமிடங்கள் நிற்கவிட்டுக் கழுவினேன். மஞ்சள் ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. நீலம் போகவில்லை; எத்தனை நீர் ஊற்றியும் சீரான வெளிர்நீலம் முகத்தோடு ஒட்டி நின்றது. அதன் மேல் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டியதும், சொட்டு விழுந்த வட்டத்தில் மட்டும் நீலம் கழன்று கரைசலுக்குள் இறங்கியது. அமிலத்தில் கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டானைப் பெற்று மின்னூட்டத்தை இழப்பதால் சாயத்தைப் பிடித்து வைக்க அவற்றால் முடிவதில்லை. மேற்பரப்பின் மின்னூட்டத்தை அளக்க ஆய்வகங்களிலும் இதை ஒத்த சாய முறையைத்தான் கையாள்கிறார்கள்.

மின்னூட்டம் இல்லாதவற்றை இந்தச் சவ்வு எளிதில் தடுப்பதில்லை என்பதும் வீட்டிலேயே தெரியும். பி.எச். தாளில் கிணற்று நீர் 7.5-ஐ ஒட்டிக் காட்ட, குடிநீர் 6-ஐ ஒட்டிக் காட்டியது. பைகார்பனேட் மின்னூட்டம் உடையது, பின்தங்கிவிடுகிறது. நீரில் கரைந்த கரியமில வாயு மின்னூட்டம் அற்றது. தடையின்றிச் சவ்வைக் கடந்து மறுபக்கம் சற்றே அமிலத்தன்மையைத் தருகிறது. இதனால் தீங்கு ஒன்றுமில்லை. வாயகன்ற பாத்திரத்தில் திறந்துவைத்தால் வாயு மெல்ல வெளியேறிவிடும். போரிக் அமிலமும், மூன்று இணைதிறன் கொண்ட ஆர்சனிக்கும் இதே வழியில் ஒப்பளவில் அதிகமாகத் தப்பி வருபவை. மின்கடத்துதிறனை மட்டும் அளக்கும் டி.டி.எஸ். மீட்டரின் கண்ணுக்கு அவை படுவதே இல்லை.

கழற்றி மாட்டும்போது, மெம்பிரேனின் நடுக்குழாயில் இருக்கும் இரண்டு சிறு ஓ-ரிங்குகளையும் துடைத்துப் பார்த்து, ஈரப்படுத்திய பின்பே ஹவுசிங்குக்குள் தள்ள வேண்டும். அவற்றில் ஒன்று மடங்கினாலோ வெட்டுப்பட்டாலோ உப்புநீர் சவ்வைத் தொடாமலேயே நல்ல நீரில் கலக்கும். மாட்டிய அன்றே டி.டி.எஸ். திடீரென எகிறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதையே.

பிரஷர் கேஜை அப்படியே நிரந்தரமாக விட்டுவிட்டேன். இப்போது மாதந்தோறும் அழுத்தம், நீரோட்டம், உள்நீர் டி.டி.எஸ்., வெளிநீர் டி.டி.எஸ். ஆகியவற்றைக் குறித்து, வெளிநீரின் பெருக்குத்தொகையை உள்நீரின் டி.டி.எஸ். அளவால் வகுத்து எழுதிவைக்கிறேன். மழைக்காலத்தில் கிணற்று நீர் நீர்த்துப்போவதால் வகுக்காமல் ஒப்பிட முடியாது. நீரின் வெப்பநிலையையும் உடன் குறிக்கிறேன், ஏனெனில் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் நீரோட்டம் ஏறத்தாழ 3 விழுக்காடு மாறும். மார்கழிக் காலையிலும் சித்திரை நண்பகலிலும் ஒரே சவ்வு ஒரே அளவு நீரைத் தராது. இந்த வகுத்த எண் இரு மடங்கைத் தாண்டும் மாதத்தில் புதிய மெம்பிரேன் வாங்குவதாக இருக்கிறேன்.